மெய்க்கொல்லன் ஊர் திரும்பிய கதை

வேலை போனதை நாலு மாதம் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன். மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்ததல்ல. முதல் நாள் காலையில் போனில் "ஆபீஸ் போயிட்டியாடா?" என்று கேட்டாள், படுக்கையில் இருந்தபடியே "ம்" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்"-ஐக் காப்பாற்ற மறுநாள் ஒரு மீட்டிங்கை உருவாக்க வேண்டி வந்தது, அடுத்த வாரம் ஒரு புது மேனேஜரை, அப்புறம் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஒரு பையனை. அந்தப் பையன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடப்பதாகவும், அவன் வேலையையும் சேர்த்து நானே பார்ப்பதாகவும் சொல்லி வைத்தேன். அடிக்கடி போன் செய்யாததற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதோடு அம்மா என் வேலையைப் பற்றி விசாரிப்பதையே விட்டுவிட்டாள். "அந்தப் பையனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சா?" என்பதுதான் வாராவாரம் கேள்வி. இல்லாத காலில் எலும்பு ஒட்டுவதற்கு நான் தேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு மாதமும் பகல் முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அப்படி ஒரு மத்தியானம் 'ஹெயில் தி காங்கரிங் ஹீரோ' என்ற படத்தைப் போட்டேன். 1944 ஆகஸ்டில் வந்த பாரமவுண்ட் படம், எழுதி இயக்கியவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். இரண்டாம் உலகப் போரிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய், அவன் விட்டுவிட்டுப் போன காதலி, நடுவில் ஏகப்பட்ட கலாட்டா என்று ஒரு காதல் நகைச்சுவை என்றுதான் படித்திருந்தேன். ஒரே ஒரு விஷயம், ஊர் திரும்பும் சிப்பாய் போருக்கே போகவில்லை. போனதாக அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். வேறொரு வேலை கிடைத்து மூச்சு விட்ட பிறகுதான் முழுதாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் நாலைந்து முறை திரும்பவும் பார்த்தாகிவிட்டது.

கதை ஒரு மதுக்கூடத்தில் தொடங்குகிறது. மேடையில் ஒருத்தி அம்மாவின் அணைப்புக்குத் திரும்புவதைப் பற்றி உருகி உருகிப் பாடுகிறாள் (அந்தப் பாட்டை எழுதியதும் ஸ்டர்ஜஸ்தான்). ஓரத்தில் ஒருவன் தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். பசிபிக் தீவான குவாடல்கனாலில் சண்டை போட்டுத் திரும்பிய ஆறு மரீன் வீரர்கள் (அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த தரைச்சண்டைக்காரர்கள்) காசில்லாமல் உள்ளே வருகிறார்கள், அவன் அவர்களுக்கு பீர் வாங்கித் தருகிறான், பேச்சு வளர்கிறது, அவன் உடைந்துவிடுகிறான். அவன் அப்பாவும் மரீன், 1918-ல் பிரான்ஸில் பெலோ வுட் சண்டையில் செத்தவர். செத்த அதே நாளில்தான் இவன் பிறந்திருக்கிறான். அப்படிப்பட்டவன் படையில் சேர்ந்து ஒரே மாதத்தில், மகரந்த ஒவ்வாமை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹே ஃபீவர். தும்மல். குண்டடி பட்டுத் திரும்பினால் வீரன், காய்ச்சலில் திரும்பினாலும் பாவம் என்பார்கள், தும்மலுக்காகத் திரும்பினேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஊருக்குப் போகாமல் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு வருடம் வேலை பார்க்கிறான். கடல் கடந்து போகிறவர்கள் கையில் கடிதம் கொடுத்து அங்கிருந்து அம்மாவுக்குத் தபாலில் சேர்க்கச் சொல்கிறான்.

அவன் முழுப்பெயர் வுட்ரோ லஃபாயெட் பெர்ஷிங் ட்ரூஸ்மித். வுட்ரோ, முதல் உலகப் போரின்போது இருந்த அமெரிக்க அதிபர். பெர்ஷிங், அதே போரில் அமெரிக்கப் படையின் தளபதி. லஃபாயெட், அமெரிக்க விடுதலைப் போரில் உதவிக்கு வந்த பிரெஞ்சுக்காரர். பிறந்த குழந்தையின் தலையில் ஒரு போர் நினைவுச்சின்னத்தையே கட்டி விட்டிருக்கிறார்கள். கடைசியில் வரும் ட்ரூஸ்மித்தைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ட்ரூ என்றால் மெய், ஸ்மித் என்றால் கொல்லன். மெய்க்கொல்லன்! ஆங்கிலத்தில் அது மெய்யை உலையில் காய்ச்சி அடித்து உருவாக்குபவன் மட்டும்தான், தமிழில் மெய்யைக் கொல்பவன் என்றும் ஆகிவிடுகிறது. ஸ்டர்ஜஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

நம் முல்லைப் பாட்டுகளில் வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான், சீக்கிரம் ஓட்டப்பா, அவள் காத்திருப்பாள். இந்தப் படத்தில் பாகன்கள் ஆறு பேர், தலைவனைக் கையைக் காலைக் கட்டாத குறையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவன் வழியெல்லாம் இறங்கி ஓடப் பார்க்கிறான். காரணம், அந்த ஆறு பேரில் பக்ஸி என்ற ஒருவன். அனாதை இல்லத்தில் வளர்ந்தவன், எந்த அம்மாவையாவது யாராவது அழவிட்டால் பொறுக்க மாட்டான். வுட்ரோவைக் கேட்காமலேயே அவன் அம்மாவுக்குப் போன் போட்டு "உங்க பையன் ஊருக்கு வர்றான்" என்று சொல்லிவிடுகிறான். அந்த ஆறு பேரின் சார்ஜென்ட்டோ இவன் அப்பாவோடு ஒரே படையில் இருந்தவர். அப்புறம் கேட்க வேண்டுமா? சீருடையை மாட்டிவிட்டு, தங்கள் மார்பிலிருந்த பதக்கங்களைக் கழற்றி இவன் மார்பில் குத்தி, ரயில் ஏற்றிவிடுகிறார்கள். யோசனை என்னவோ சின்னதுதான். ஸ்டேஷனில் அம்மா மட்டும் வருவாள், வீட்டுக்குப் போனதும் சீருடையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம், முடிந்தது.

ஸ்டேஷனில் ஊரே நிற்கிறது. நாலு வாத்தியக் கோஷ்டி, நாலும் வேறு வேறு பாட்டை வாசிக்கத் தயாராக நிற்க, வரவேற்புக் குழுவின் தலைவர் அவர்களை அடக்க முடியாமல் மூச்சு முட்டி விசிலடித்துக்கொண்டே ஓடுகிறார். அந்த வேடத்தில் ஃப்ராங்க்ளின் பாங்பார்ன். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், கல்யாண மண்டபத்தில் சாவி தொலைத்தவர் மாதிரியே ஒரு முகம். மேயர் எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் ஏதாவது ஒரு பேண்டு தொடங்கிவிடுகிறது.

அதன்பின் பொய் தானாகவே வளர்கிறது, வுட்ரோ எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மா பெயரில் இருந்த வீட்டுக் கடனை ஊர் அடைத்து, பத்திரத்தைத் தேவாலயத்திலேயே எரிக்கிறார்கள். சிலை வைக்கலாம் என்கிறார்கள். கடைசியில் நீதான் அடுத்த மேயர் என்கிறார்கள், இந்த ஊருக்கு ஒரு நேர்மையான ஆள் வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி! அவனும் சும்மா இருப்பதில்லை, நான் அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிப் பார்க்கிறான். அவன் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. அது அவர்கள் காதில் தன்னடக்கமாக விழுகிறது, இன்னும் பலமாகக் கைதட்டுகிறார்கள். நானும் ஒருமுறை அம்மாவிடம் "ஆபீஸே பிடிக்கலம்மா, விட்டுடலாம்னு இருக்கு" என்று அடி போட்டுப் பார்த்தேன். "கால் உடைஞ்ச பையன் வேலையையும் சேத்து ஒருத்தனே பாத்தா அலுப்பாத்தான் இருக்கும்" என்றாள்.

மரீன்கள் பொய் சொல்லும் விதம் இன்னும் அழகு. சார்ஜென்ட் ஊராரிடம் சொல்லும் சண்டைக் கதைகள் எல்லாம் நிஜமாகவே நடந்தவை, அவருக்கும் அவர் ஆட்களுக்கும். பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார். வில்லியம் டெமரெஸ்ட் அந்த வேடத்தில் ஒரு துளிக் கூச்சமும் இல்லாமல் அடித்துவிடுகிறார். இங்கேதான் எனக்குப் படம் பிடிபட்டது. நிஜமாகப் போர் பார்த்தவர்கள் தங்கள் பதக்கத்தையும் கதையையும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரு பீருக்குப் பதிலாகக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பதக்கம் வேண்டியிருப்பது ஊருக்குத்தான்.

காதல் பக்கம் வருகிறேன், அதைத்தானே முதலில் சொன்னேன். லிபி என்ற பெண். வேடத்தில் எலா ரெயின்ஸ். வுட்ரோ ஊருக்கு எழுதிய பொய்கள் இரண்டு. அம்மாவுக்கு, நான் போர்முனையில் இருக்கிறேன் என்பது. லிபிக்கு, நான் வேறொருத்தியைப் பார்த்துவிட்டேன், காத்திருக்காதே என்பது. முதல் பொய் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, இரண்டாவது அவளை விடுவிக்க. அவளும் விடுபட்டு மேயர் மகனோடு நிச்சயம் செய்துகொண்டுவிட்டாள். இப்போது ஊரே கொண்டாடும் வீரன் ரயிலிலிருந்து இறங்குகிறான், இந்தச் செய்தியை அவனிடம் எப்படிச் சொல்வது? மேயர் மகன் பாவம், நல்ல உயரம், நல்ல குடும்பம், தப்பு ஒன்றும் செய்யாதவன், படம் முழுக்க யாரும் அவனைக் கண்டுகொள்வதில்லை. எந்தக் காதல் நகைச்சுவையிலும் இப்படி ஒருவன் இருப்பான், ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத பையன் மாதிரி.

லிபிக்கு ஸ்டர்ஜஸ் போதுமான இடம் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. அவர் எழுதிய மற்றப் படங்களில் பெண்கள் ஆண்களை விரல்நுனியில் ஆட்டி வைப்பார்கள், இதில் லிபி நடந்துகொண்டே பேசுகிறாள், கவலைப்படுகிறாள், அவ்வளவுதான். எலா ரெயின்ஸை மாற்றிவிடச் சொல்லி ஸ்டுடியோவே கேட்டதாகவும் ஸ்டர்ஜஸ் முடியாது என்று நின்றதாகவும் வரலாறு உண்டு. நின்றது சரி, நின்றதற்கு இன்னும் நாலு நல்ல காட்சி எழுதியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்தார். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் வரை அவள் தள்ளியே நிற்கிறாள். எல்லாம் போய் அவன் ஊரைவிட்டே கிளம்பும் நேரத்தில்தான் அவன் பக்கம் வந்து நிற்கிறாள்.

இதற்கு அடுத்த வருடம், 1945-ல், 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' என்று ஒரு படம் வந்தது. அதில் கப்பல் மூழ்கி, பதினெட்டு நாள் தெப்பத்தில் மிதந்து தப்பித்த மாலுமி ஒருவன் வருகிறான், அசல் வீரன். அவன் விருந்தாளியாகப் போகும் வீடுதான் போலி. பத்திரிகையில் சமையலும் பண்ணை வீடும் கணவனும் குழந்தையுமாக எழுதித் தள்ளும் பெண்ணுக்கு, பார்பரா ஸ்டான்விக், இந்த நாலில் ஒன்றுகூடக் கிடையாது, வெந்நீர் வைக்கவே தடுமாறுவாள். 1949-ல் வந்த 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைடு' படத்தில் கேரி கிராண்ட் பிரெஞ்சு ராணுவ அதிகாரி, அமெரிக்கப் படையில் இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். படைவீரர்களின் மனைவிகளுக்கென்று இருந்த சட்டத்தின் கீழ் அவளோடு அமெரிக்கா போகப் பாவாடையும் பொய்முடியும் மாட்டிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியிருக்கிறது. மூன்று படத்தையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். போரிலிருந்து வீடு திரும்புகிறவனை வைத்துக் காதல் நகைச்சுவை எடுத்தால் எங்காவது ஒரு பெரிய பொய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது வெறும் திரைக்கதை வசதி என்று நான் நினைக்கவில்லை. போரில் பார்த்ததைச் சிரிப்புப் படத்தில் சொல்ல முடியாது, வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலும் சொல்ல முடியாது. அந்தச் சொல்ல முடியாத சங்கதி இருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடந்தால் படம் நிற்காது. அங்கே ஒரு பொய்யைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், பாத்திரங்கள் எல்லோரும் அதைச் சுற்றி ஓடுகிறார்கள்.

ஸ்டர்ஜஸ் ஒரே ஒரு இடத்தில் அந்தச் சங்கதியைக் காட்டிவிடுகிறார். பக்ஸி. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அவன் மட்டும் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், தூக்கம் வருவதில்லை. யாரும் விளக்கம் சொல்வதில்லை, இசை உருகுவதில்லை, படம் அடுத்த கலாட்டாவுக்குப் போய்விடுகிறது. அந்த வேடத்தில் நடித்த ஃப்ரெடி ஸ்டீல் நிஜ வாழ்க்கையில் மிடில்வெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தவர். அடி வாங்கிப் பழகிய அந்த முகத்தில் ஒரு குழந்தையின் பிடிவாதம் தெரியும். அம்மாவை ஏமாற்றாதே என்று வுட்ரோவை மிரட்டுகிறவனும் அவன்தான், அம்மாவிடம் உண்மையைச் சொல்லவிடாமல் தடுக்கிறவனும் அவன்தான். இரண்டும் அவனுக்கு ஒன்று.

இந்தப் படம் வந்தபோது போர் முடியவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு ஜூன் 22 அன்றுதான், திரும்பி வரும் வீரர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் உதவி தரும் ஜிஐ பில் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டிருந்தார். ஊரெல்லாம் வரவேற்பு வளைவு கட்டத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வளைவுக்குக் கீழே ஒரு போலியை நடக்க வைத்து, வளைவு கட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒரு துணிச்சல் வேண்டும். ஸ்டர்ஜஸே முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து பயிற்சி முடித்து லெஃப்டினென்ட் ஆனவர், போர்முனையைப் பார்க்காமலேயே அந்தப் போர் முடிந்துவிட்டது. சீருடை போட்டுக்கொண்டு எங்கும் போகாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். படம் ஸ்டுடியோவில் வெட்டுப்பட்டு, முன்னோட்டக் காட்சியில் சொதப்பி, வேலையை விட்டு வெளியேறியிருந்த ஸ்டர்ஜஸே சம்பளம் வாங்காமல் திரும்பி வந்து சரிசெய்து கொடுத்தார். அந்த வருடம் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பட்டியலில் அவர் பெயர் இரண்டு படங்களுக்காக இருந்தது, பரிசு வேறொருவருக்குப் போனது. 2015-ல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வதே குற்றம் என்று 2006-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு நீர் வாரிய உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து, எனக்கு நாட்டின் உயரிய பதக்கம் கிடைத்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2012-ல் வெறும் பொய்யும் பேச்சுரிமைக்குள் வரும் என்று சொல்லிச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த புதுச் சட்டப்படி, பணமோ வேறு ஆதாயமோ பெறுவதற்காகச் சொன்னால்தான் குற்றம். வுட்ரோவை அதில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வக்கீல் நண்பனிடம் கேட்டேன். வாக்குமூலமே அவன் கொடுக்கவில்லையே, ஊர்தானே கொடுத்தது என்றான். நல்ல பதில்.

புறநானூற்றில் ஒரு தாய் வருவாள். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டு, அப்படியானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுவாள். வெட்டுண்டு கிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்வாள். பள்ளியில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பாட்டைக் கண்டால் பயம். வுட்ரோவின் பயமும் அதுதான், சுவரில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் உடம்பு கூசுவது அதனால்தான். ஆனால் வுட்ரோவின் அம்மாவுக்கு மகன் உயிரோடு வந்ததே போதும். அதை யாரும் அவளிடம் கேட்டுப் பார்க்கவில்லை, அவனும்தான்.

கடைசியில் அவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இவ்வளவு நேரம் தலைதெறிக்க ஓடிய படம் அங்கே அப்படியே நிற்கிறது. வுட்ரோவாக நடித்த எடி பிராக்கன், அதுவரை கோமாளியாகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தவர், எந்தச் சேட்டையும் இல்லாமல் பேசுகிறார். பேசிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறான். ஊர் திரண்டு பின்னாலேயே வருகிறது, உதைக்கத்தான் வருகிறார்கள் என்று நமக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அவர்கள் வந்தது நீதான் மேயர் என்று திரும்பவும் சொல்ல. எனக்கு இந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை. முதலில் வீரன் வேண்டும் என்று பைத்தியமாக அலைந்த அதே கூட்டம் இப்போது உண்மை பேசியவன் வேண்டும் என்று அலைகிறது, அடுத்த வாரம் என்ன வேண்டியிருக்குமோ. ஸ்டர்ஜஸுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அந்தக் கூட்டத்தை அவர் எந்த இடத்திலும் புத்திசாலியாகக் காட்டவில்லை.

நான் அம்மாவிடம் சொன்னது இவ்வளவு விமரிசையாக இல்லை. புது வேலை கிடைத்த பிறகு, ஒரு சாயங்காலம், கோழை மாதிரிதான் சொன்னேன். வேலை போனதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ அந்தப் பையன்?" என்றாள். அப்படி ஒருத்தனே இல்லை என்றேன். போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

போன மாதம் அம்மாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அவர்கள் பேசும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதியை நானே இட்டுக்கட்டினேன், அந்தப் பழக்கம் போகவில்லை. லிபியைப் பிடிக்கவில்லை அவளுக்கு. பக்ஸி இருட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "இவன் ஏன் தூங்கல?" என்று மட்டும் கேட்டாள். படம் முடிந்து ரயில் போன பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள், என் நாலு மாதக் கதைக்கு இன்று பதில் வரப் போகிறது என்று உள்ளுக்குள் தயாரானேன்.

"எரிச்ச பத்திரத்தைத் திரும்ப எழுதிக் குடுன்னு அந்தம்மாகிட்ட கேக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்கம்மா. இவன்தானே இப்ப மேயர்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போனாள்.